டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாளா?

காலை ஒன்பது மணிக்கு ஒரு பெண் அழுதுகொண்டே எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தால் அது புருஷன் விவகாரம். கத்திக்கொண்டே வந்தால் வீட்டுப் பங்கு. ஆறு வருடமாகப் பார்க்கிறேன், தப்பியதே இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை லோஷினி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல ஒண்ணு பொய், சார். எது பொய், யார் செஞ்ச வேலைன்னு எனக்குத் தெரியணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள."

"ஆறு மணிக்கு என்னம்மா, பஸ்ஸா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. என் வாழ்க்கை."

வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசில் வராத காரியம்.

என் பெயர் கஸ்தூரி. மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், மாசாயில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். என் முதலாளி கமலநாதன் சார், முப்பது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவர். ரிட்டையர் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை, துப்பறிய வந்துவிட்டார். நான் அதற்கு முன் ஃபேக்டரி வாசலில் செக்யூரிட்டி. சார் யோசிப்பார், நான் பேசுவேன். கீழே பட்டறைக்காரன் சைலன்சரை முறுக்கினால் இரண்டுமே நின்றுவிடும்.

லோஷினிக்குப் பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்தார் அவள் அண்ணன் ஹேமநாதன். நாற்பது வயதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஜோகூரின் இன்னொரு கோடியில், லாபிஸில், ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறாராம். தங்கைக்காக ஒரு நாள் லீவு போட்டு, இருட்டோடு கிளம்பி, இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கிறார். கையில் எங்களுக்கும் சேர்த்து நான்கு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு.

"பசியாறிட்டீங்களாக்கா?" என்றார் என்னிடம்.

எனக்கு அந்த மனுஷனை உடனே பிடித்துப்போயிற்று. எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான், ஜோகூர் பாருவில். நான் உயிரோடு இருக்கிறேனா என்பதைத் தீபாவளிக்குத் தீபாவளிதான் விசாரிப்பான்.

லோஷினி சொன்ன கதை இதுதான். முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. பாசிர் கூடாங் ஃபேக்டரி ஒன்றில் கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்களை வரையும் வேலையில் இருந்தாள். அம்மா ராஜம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு லாபிஸுக்குத் திரும்பினாள். அம்மாவைப் புரட்டிப் போடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். அதற்கிடையில், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வெளிநாட்டு வேலை பிடிக்கக் கற்றுத்தரும் நவ்சாத் என்பவரின் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். டென்மார்க்கில் ஹவ்லுண்ட் என்று ஒரு காற்றாலைக் கம்பெனி. பரீட்சை வைத்தார்கள், வீடியோவில் மூன்று தடவை பேசினார்கள். இரண்டாயிரத்து இருபத்து நான்கு செப்டம்பரில் கடிதம் வந்தது. வருந்துகிறோம், உங்களைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

"அதுதான் இந்த மொதல் பேப்பர்," என்றாள். "அதோட விட்டுட்டேன் சார். நமக்கு அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன். அம்மா இந்த பிப்ரவரியில தவறிட்டாங்க. நேத்து ராத்திரி இந்த ரெண்டாவது பேப்பர் வந்துச்சு."

இரண்டாவது பேப்பர், ஹவ்லுண்டில் மெட்டே என்ற அம்மாள் அனுப்பிய ஈமெயில். என் ஃபேக்டரி இங்கிலீஷுக்கே விளங்கியது. "2024இல் நாங்கள் கொடுத்த வேலையைக் குடும்பக் காரணம் சொல்லி மறுத்துவிட்டீர்கள். எங்களுக்கு வருத்தம்தான். அதே இடம் மீண்டும் காலியாக இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்தாலும் சரி, இங்கே வந்து குடியேறினாலும் சரி. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பதில் போடுங்கள். பழைய கடிதங்களை இணைத்திருக்கிறேன்."

அங்கே பகல் பன்னிரண்டு என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறு.

"நான் எதையும் மறுக்கலக்கா," என்றாள் லோஷினி. "இணைச்சிருந்த லெட்டரத் தொறந்தேன். 'எனக்கு இந்த வேலை வேண்டாம், மன்னிக்கவும்'னு என் பேரு போட்டு, என் ஈமெயில்லருந்தே போயிருக்கு. அதுக்கு மேல பாக்க முடியல. ஃபோன மூடி வச்சிட்டேன்."

ஹேமநாதன் மேசையைத் தட்டினார். "எல்லாம் அந்த நவ்சாத் பய வேலை சார்! இவ எடத்த வேற யாருக்கோ வித்துட்டு, நமக்குப் பொய் லெட்டர் அனுப்பிட்டான். போலிஸ் ரிப்போட் குடுக்கணும். அவன் கடைய மூட வைக்கணும். என் தங்கச்சி பட்ட வேதனை எனக்குத்தான் தெரியும்."

"குடுத்துருவோம் லா," என்றேன் நான். எனக்கும் ரத்தம் கொதித்தது.

கமலநாதன் சார் அந்த முதல் பேப்பரை, 'வருந்துகிறோம்' கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "இது எப்படிம்மா வந்துச்சு?"

"ஈமெயில்ல வந்துச்சு சார். அண்ணன்தான் பிரிண்ட் எடுத்துக் குடுத்தாரு."

"எந்த அட்ரஸ்லருந்து?"

"பாக்கலையே சார். அப்புறம் தேடினா இல்ல, அழிஞ்சு போச்சு."

"அப்ப முழுசாப் படிச்சீங்களா?"

"மொதல் வரி படிச்சேன். அதுக்கு மேல கண்ணு மறைச்சிருச்சு."

சார் ஹேமநாதன் பக்கம் திரும்பினார். "ஹேமநாதன், நீங்க சொல்றது சரி. ஆனா போலிஸ்ல போய் வாயால சொன்னா நிக்காது. எழுத்துல வரிசையா இருக்கணும். எனக்கு இங்கிலீஷ் லெட்டர் அவ்வளவா வராது, கஸ்தூரிக்குச் சுத்தமா வராது. நீங்க அனுபவப்பட்ட ஆளு. அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து நவ்சாத் மேல புகார டைப் பண்ணி வைங்க. நாங்க அதுக்குள்ள தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போய் அவரப் பாத்துட்டு வந்துர்றோம்."

"நானும் வர்றேனே சார்."

"கோபத்துல கை நீட்டிட்டீங்கன்னா கேஸ் உங்க மேல திரும்பிரும்."

ஹேமநாதன் யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, விரல்களைச் சொடக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் கிளம்பும்போது தங்கையின் தலையைத் தொட்டு, "பயப்படாத லோஷி, அண்ணன் இருக்கேன்ல" என்றார்.

காரில் போகும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, எவன் செஞ்சிருந்தா என்ன? 'சரி, வர்றேன்'னு ஒரு வரி தட்டிவிட வேண்டியதுதானே?"

"அன்னிக்கும் என் பேர்ல ஒருத்தர் தட்டிவிட்டாங்கல்லக்கா? இன்னிக்கு நான் ஆமான்னு எழுதி, ராத்திரியே வேற யாராச்சும் இல்லன்னு எழுதினா? கூட இருக்கறவங்கள்ல யார நம்பறதுன்னு தெரியாம எப்படிக் கெளம்புறது?"

நியாயமான கேள்வி. சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நவ்சாத்தின் கடை, பிளாட்டுகளின் கீழ்த்தளத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடை. வாசலில் பெரிய பேனர். 'வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை! வளமான நாட்டில் நிம்மதியான வாழ்வு!' பின்னணியில் பனி மூடிய பெரிய மலை.

"டென்மார்க்கா தம்பி?" என்று கேட்டேன்.

"டென்மார்க்ல மலையே இல்லையாம்க்கா. பேனர் அடிச்சப்புறம்தான் ஒருத்தர் சொன்னாரு." நவ்சாத்துக்கு முப்பத்தைந்து வயது, தாடி, பேசும்போதே ஒரு ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். லோஷினியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அட, லோஷினி! லாபிஸ்லருந்தா வர்றீங்க?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "இவ வேலைய யாருக்கு வித்தீங்க?"

மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, இந்தக் கடையில கவர் விக்கிறேன், சார்ஜர் விக்கிறேன். வேலைய விக்கிற அளவுக்கு எனக்கு ஆளு தெரிஞ்சா, நான் ஏன் மாசாய்ல கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருக்கேன்? மொத ஆளா நானே பெட்டியக் கட்டியிருக்க மாட்டேனா?"

பதில் நறுக்கென்று இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"என் கிளாஸ்ல இவங்கதான் ஃபர்ஸ்ட்," என்று தொடர்ந்தார் நவ்சாத். "ரிஜெக்ட்னு சொன்னப்ப நான் நம்பவே இல்ல. கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் காரணம் கேளுங்கன்னு மூணு தடவ மெசேஜ் போட்டேன். கேட்டீங்களா?"

லோஷினி இல்லை என்று தலையை ஆட்டினாள். "அண்ணன் வேணாம்னாரு. நம்மள வேணாம்னவங்ககிட்டப் போய்க் கெஞ்சக் கூடாதுன்னு சொன்னாரு."

சார் "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பழக்கம். அதற்குப் பிறகு யாருக்காவது நாள் கெட்டுப்போகும்.

அந்த 'வருந்துகிறோம்' கடிதத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்தார். "கஸ்தூரி, கடைசி வரியப் படிங்க."

படித்தேன். மேல் விவரம் வேண்டுமானால், ஞாயிறு முதல் வியாழன் வரை, அலுவலக நேரத்தில் தொடர்புகொள்ளவும். "சரியாத்தான சார் இருக்கு?"

"உங்களுக்கும் சரியாத்தான் இருக்கு பாருங்க. டென்மார்க்ல எந்தக் கம்பெனி கஸ்தூரி ஞாயித்துக்கெழம தொறந்து வச்சு, வெள்ளிக்கெழம மூடும்?"

"அலமாக்!" என்றேன்.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. பத்து வருடத்துக்கு மேலாக ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அரசாங்க ஆபீஸும் பள்ளிக்கூடமும் நடக்கும். இரண்டாயிரத்து இருபத்தைந்து பிறந்த பிறகுதான் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். ஊரெல்லாம் அப்படிப் பழகிவிட்டதால், எழுதினவருக்கும் உறைக்கவில்லை, படித்த எனக்கும் உறைக்கவில்லை.

"அப்ப இத எழுதினது நம்ம ஜோகூர் ஆளு," என்றேன். "தம்பி, நீங்களும் ஜோகூர்தான?"

"அக்கா, என் கிளாஸ் எப்பவுமே ஞாயித்துக்கெழமதான்!" நவ்சாத் பேனரின் கீழ் வரியைக் காட்டினார். "என்கிட்டப் படிக்கிறவங்க எல்லாம் சிங்கப்பூருக்குப் போய் வர்றவங்க, ஃபேக்டரிக்காரங்க. அவங்களுக்கு லீவே ஞாயித்துக்கெழமதான். நான் பொய் லெட்டர் எழுதினாக்கூட ஞாயிற வேல நாள்னு எழுத மாட்டேன். என் கண்ணுக்கே அது நிக்கும்."

"உண்மதான்," என்றாள் லோஷினி. "எனக்கும் ஞாயித்துக்கெழம கிளாஸ்னா வசதியா இருந்துச்சு. வீட்ல ஒரே கம்ப்யூட்டர். அன்னிக்கு அண்ணன் ஸ்கூலுக்குப் போயிருவாரு, கம்ப்யூட்டர் சும்மா..."

நின்றுவிட்டாள்.

நவ்சாத் கையிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தார். அவள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், யாராவது இல்லை என்று சொல்லமாட்டோமா என்று.

"ஜோகூர்ல அன்னிக்கு வேலைக்குப் போனவங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க சார்," என்றாள் மெதுவாக.

"இருப்பாங்கம்மா," என்றார் சார். "அதனாலதான் இன்னும் நான் யார் பேரயும் சொல்லல. நவ்சாத், அந்த அம்மா அனுப்பின மெயில்ல பழைய கடிதமெல்லாம் இருக்காம். இவங்க ஃபோன்லருந்து எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

நவ்சாத் எடுத்துக் கொடுத்தார். அதற்குள் பன்னிரண்டாகிவிட்டது, கடையை மூடிக்கொண்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பினார். "முடிஞ்சதும் நானும் உங்க ஆபீஸுக்கு வர்றேன். என் பேர அடிபட வச்சது யாருன்னு நானும் பாக்கணும்" என்றார்.

பக்கத்து ஒட்டுக்கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். லோஷினி தட்டைத் தொடவில்லை. சார் கோப்பியை ஆறவிட்டு, பிரிண்ட் எடுத்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு தாளில் வெகுநேரம் நின்றார். பிறகு அதை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"என்ன சார் அது?"

"அப்புறம்," என்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொய் கிளெய்ம் பிடித்த சந்தோஷம் அதில் துளிகூட இல்லை.

இரண்டரை மணிக்கு மாடியேறினோம். நவ்சாத்தும் வந்து சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்ததும் ஹேமநாதன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "இவன ஏன் சார் இங்க கூட்டியாந்தீங்க?"

"இருக்கட்டும். புகார் ரெடியா?"

"ரெடி சார்." ஒரு பக்கப் புகார். அழகாக, ஓரம் சமமாக, தேதியெல்லாம் போட்டு அடித்து வைத்திருந்தார். நவ்சாத் ஒரு மோசடிக்காரன் என்று இங்கிலீஷில் எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் அதில் இருந்தது.

சார் அதை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்ததாகச் சொன்ன அந்தப் பழைய கடிதத்தை வைத்தார். "கஸ்தூரி, படிக்க வேணாம். சும்மா பாருங்க."

பார்த்தேன். புகாரில் முதல் பத்தி சும்மா ஆரம்பித்தது. இரண்டாவது பத்திக்கு முன்னால் '2' என்று ஓர் எண். மூன்றாவதற்கு '3'. டென்மார்க் கடிதத்தைப் பார்த்தேன். முதல் பத்தி சும்மா. அடுத்தது '2'. அதற்கடுத்தது '3'.

"ஒண்ணு எங்க சார்?" என்று கேட்டேன்.

"நம்ம நாட்டு அரசாங்கக் கடிதத்துல ஒண்ணு கெடையாது," என்றார் சார். "மொதல் பத்திக்கு நம்பர் போட மாட்டாங்க. ரெண்டாவதுலருந்துதான் போடுவாங்க. பள்ளிக்கூடத்துல நமக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, நாம பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்துட்டோம். இருபது வருஷமா தெனமும் லெட்டர் அடிக்கிற கைக்கு மறக்காது. மலாய்ல அடிச்சாலும் போடும், இங்கிலீஷ்ல அடிச்சாலும் போடும். டென்மார்க்ல இருக்கற ஒரு அம்மாவுக்கு இது எப்படித் தெரியும், ஹேமநாதன்?"

கீழே பட்டறையில் எவனோ வண்டியை முறுக்கினான். அந்தச் சத்தம் அடங்கும்வரை ஹேமநாதன் அந்த இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க," என்றார் கடைசியில். குரலில் ஜீவனே இல்லை.

"அண்ணே," என்றாள் லோஷினி. "என்னப் பாத்து இல்லன்னு சொல்லுங்க. நான் நம்பிர்றேன். சத்தியமா நம்பிர்றேன்."

அவர் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் அவர் கொடுத்த நாசி லெமாக்கை வேறு ருசித்துச் சாப்பிட்டிருந்தேன். இந்த மனுஷனைப் பார்த்து, நமக்கு இப்படி ஓர் அண்ணன் வாய்க்கவில்லையே என்று ஏங்கியிருந்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அடப்பாவி மனுஷா," என்றேன். "கூடப் பொறந்தவளுக்குச் செய்யற காரியமா இது? அதுவும் இன்னொருத்தன் தலையில கட்டி, போலிஸ் வரைக்கும் போகத் துணிஞ்சிட்டீங்களே!"

"நான் என்ன செய்யறது?" ஹேமநாதன் திடீரென்று கத்தினார். "காலையில ஸ்கூலுக்குக் கெளம்பறப்ப கம்ப்யூட்டரத் தொறந்தா, அவ மெயிலு தொறந்தே கெடந்துச்சு. கோப்பன்ஹேகன், வேலை, வாழ்த்துகள்னு போட்டிருந்துச்சு. எனக்கு உயிரே போயிருச்சு. இவ போயிட்டா அம்மாவ யாரு பாக்கறது? உங்க அண்ணியால தூக்க முடியுமா லோஷி? நான் வேலைய விட முடியுமா? ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா, அப்புறம் வேற வேலை வராமலா போயிரும்னு நெனச்சேன். ஒரே ஒரு லெட்டர்தானே அடிச்சேன்?"

"ரெண்டு," என்றார் சார். "அவங்களுக்கு ஒண்ணு. இவங்களுக்கு ஒண்ணு."

லோஷினி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்த லெட்டரப் படிச்சிட்டு நான் அழுதப்ப, நீங்கதானண்ணே தண்ணி கொண்டாந்து குடுத்தீங்க. 'நமக்குக் குடுத்து வைக்கல லோஷி'ன்னு முதுகத் தடவிக் குடுத்தீங்க. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிண்ணே அத செஞ்சீங்க? நான் ரெண்டு வருஷமா, எனக்குத்தான் தெறமை இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே."

"அம்மாவுக்காகத்தான் லோஷி..."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

நவ்சாத் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தன்மேல் பழி போட்டவனைத் திட்டத்தான் அவர் வந்திருந்தார்.

சார் சட்டைப் பாக்கெட்டிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்தார். கொடுப்பதா வேண்டாமா என்று அவர் தயங்கியதை ஆறு வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

"இது உங்களுக்கு அன்னிக்கு வந்த வேலைக் கடிதம்மா. ரெண்டு பக்கம். ஹேமநாதன், நீங்க ரெண்டாவது பக்கம் படிச்சீங்களா?"

"இல்ல. மொதல் பக்கம் பாத்ததுமே..."

"கஸ்தூரி, படிங்க."

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "நேர்காணலில் உங்கள் தாயாரின் உடல்நிலையைப் பற்றிச் சொன்னீர்கள். அதை மனதில் வைத்து இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். நீங்கள் மலேசியாவில் உங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். தாயாரைக் கவனிப்பதற்கு ஏற்ற மாதிரி வேலை நேரத்தை நீங்களே வகுத்துக்கொள்ளலாம். கோப்பன்ஹேகனுக்கு வருவது உங்கள் விருப்பம். எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள், அதுவரை காத்திருக்கிறோம்."

ஐயோ கடவுளே, அந்த ஊரில் முகம் தெரியாத எவளோ ஒருத்தி லாபிஸில் படுத்துக் கிடந்த ராஜம்மாவை நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

ஹேமநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீட்லருந்தே," என்றாள் லோஷினி. தாளை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். "அம்மா கட்டிலுக்குப் பக்கத்துலயே மேசையப் போட்டு செஞ்சிருப்பேன். அந்தச் சம்பளத்துல அம்மாவுக்குக் காத்து மெத்த வாங்கியிருப்பேன். தூக்கிப் புரட்ட ஒரு ஆளு வச்சிருப்பேன். முதுகெல்லாம் புண்ணாகி, ராத்திரி பூரா முனகுனாங்களேண்ணே. மருந்து தடவ நான்தான் நின்னேன். நீங்க கதவச் சாத்திக்கிட்டீங்க, கேக்க முடியலன்னு."

இப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், நின்றபடியே. ஹேமநாதன் எழுந்து பக்கத்தில் வரப் பார்த்தார். அவள் ஓர் அடி பின்னால் வைத்தாள், அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

மணி மூன்றேகால். லோஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல் வேலையாக நவ்சாத்திடம் போனாள்.

"மன்னிச்சிருங்க. ஒரு ராத்திரி முழுக்க உங்களத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"பரவாயில்ல லா," என்றார் நவ்சாத். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "மொதல்ல பாஸ்வர்ட மாத்துங்க. அதுக்கப்புறம் எழுதுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, அவள் தன் ஃபோனில் பாஸ்வர்டை மாற்றினாள். பிறகு பதில் எழுத ஆரம்பித்தாள். அன்றைக்கு மறுத்தது நான் இல்லை என்று ஒரு வரி. யார் என்று எழுதுவாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன். எழுதவில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அடுத்த வரி. அந்த அம்மாள் கேட்டிருந்த கேள்விக்கு வந்ததும் விரல் நின்றது. வீட்டிலிருந்தா, அங்கே வந்தா?

ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அங்கே வருகிறேன் என்று எழுதி அனுப்பினாள்.

"அக்கா, உங்க கார் லாபிஸ் வரைக்கும் போகுமா?" என்று என்னிடம் கேட்டாள். "என் பாஸ்போர்ட்டும் துணியும் எடுக்கணும். இவரு காடியில நான் ஏற மாட்டேன்."

"கோப்பன்ஹேகன் வரைக்கும்கூடப் போகும்மா, நடுவுல கடல் மட்டும் இல்லன்னா," என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். சார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

படி இறங்கத் திரும்பியபோது ஹேமநாதன் வாய் திறந்தார். காலையில் மேசையைத் தட்டிய ஆள் இவரா என்று இருந்தது.

"லோஷி. வீட்லருந்தே செய்யலாம்னு இப்பவும் போட்டிருக்காங்களே. நம்ம வீட்லயே இருந்துக்கிட்டு செய்யலாமேம்மா?"

லோஷினி திரும்பிப் பார்த்தாள்.

"செய்யலாம்ண்ணே," என்றாள். "அம்மா இருந்தப்ப நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, அப்படித்தான் செஞ்சிருப்பேன்."